குத்தகைக் கூட்டு வேண்டாம், வாரக் கூட்டு வேண்டும்: காலநிலை நிதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வேளாண் சமூகங்களின் காலநிலைத் தகவமைப்புக்காகத் தொழில் கூட்டாண்மைகளுக்கு நிதி வழங்கும் தேர்வுக் குழுவினருக்கு,

நெல் உலர்த்தி, வடிவாய்க்கால், விதைப்பண்ணை கேட்டு நாங்கள் அனுப்பிய விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். கூடவே மூன்று காரணங்கள். முதன்மை விண்ணப்பதாரர் மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு உள்ள தனியார் நிறுவனமாக இருக்க வேண்டும். திட்டச் செலவில் பாதியை அந்த நிறுவனம் ரொக்கமாகப் போட வேண்டும். பங்கேற்கும் ஒவ்வோர் உழவரும் தன் பெயரில் நில ஆவணம் காட்ட வேண்டும்.

இந்த மூன்றையும் சேர்த்து வைத்தால், காவிரிக் கடைமடையில் இந்தப் பணம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள் அத்தனை பேரும் வெளியே நிற்கிறார்கள். இதைத் தனிக் கடிதமாக இரண்டு முறை எழுதினேன். பதில் வரவில்லை. அதனால் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். தலைப்பில் வாரம் என்றது விளைந்ததில் பங்கு; குத்தகை என்றது விளைந்தாலும் விளையாவிட்டாலும் அளந்தே தீர வேண்டிய நெல்.

நான் நாகப்பட்டினம் மாவட்டத்தில் தலைஞாயிறு பக்கம், காவிரியின் கிளையான வெண்ணாற்றின் கடைசித் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் பயிர் வைப்பவள். ஆறு மா சொந்தம், பன்னிரண்டு மா கோயில் நிலம். மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயில் குத்தகை இன்னும் என் மாமனார் பெயரில்தான் இருக்கிறது. அவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. உழவர்களே பங்கு போட்டு நடத்தும் எங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் நான் ஓர் இயக்குநர். உறுப்பினர்கள் 412 பேர். அதில் பாதிக்கு மேல் என்னைப் போலக் குத்தகைக்குப் பயிர் வைப்பவர்கள்.

நீங்கள் 'தகவமைப்பு' என்று எழுதுவதை நாங்கள் ஒவ்வொரு வருடமும் கையால் செய்துகொண்டிருக்கிறோம். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்க வேண்டும் என்பது டெல்டாவின் நாள்காட்டி. 2012 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட அந்தத் தேதியில் தண்ணீர் வரவில்லை. 2012-இல் செப்டம்பர் 17, 2016-இல் செப்டம்பர் 20, 2017-இல் அக்டோபர் 2. 2020-இல்தான் மறுபடி ஜூன் 12-ஐப் பார்த்தோம். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், நாற்றங்காலுக்குக்கூட யாரும் தயாராக இல்லை. 2023-இல் சரியாக ஜூன் 12-இல் திறந்து, அணையில் தண்ணீர் இல்லாமல் அக்டோபர் 10-இல் மூடினார்கள். 2024-இல் ஜூலை 28. கல்லணைக்கு வந்த தண்ணீர் முறை வைத்து எங்கள் மதகுக்கு வந்து சேர, சில வருடங்களில் ஒரு மாதம் ஓடிப் போயிருக்கும். அதனால் எங்கள் பக்கத்தில் பலர் நடவை விட்டுவிட்டு, ஆவணியில் கிடைக்கிற ஈரத்தை நம்பிப் புழுதியில் நேரடியாக விதைக்கிறோம். யாரும் வந்து சொல்லிக் கொடுக்கவில்லை. தண்ணீர் வராத வருடங்கள் சொல்லிக் கொடுத்தன.

மழையும் அப்படித்தான் ஆகிவிட்டது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அறிவித்தார்கள். அடுத்த வருடமே, 2018 நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை ஏறியது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் கதிர் சாயும் நேரத்தில் மழை கொட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்ய வேண்டியது தையிலும் மாசியிலும் பெய்கிறது. பெய்த தண்ணீர் வடிவதற்கு ஆறு கடலில் விழ வேண்டும். கடல் ஏறி நிற்கும்போது ஆறு வடியாது, எதிர்த்து வரும். அப்படி வருகிற தண்ணீரில் உப்பு இருக்கும். வறட்சி, வெள்ளம், உப்பு மூன்றும் ஒரே வயலில், சில சமயம் ஒரே போகத்தில் வருகின்றன.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் உங்களைப் போன்ற ஒரு நிதியின் உதவியோடு ஒரு நிறுவனம் எங்கள் ஊருக்கு வந்தது. பெயர் சொல்லப் போவதில்லை. வந்த பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், வெயிலில் அலைந்தார்கள். என் குறை அவர்கள் வந்த முறையைப் பற்றியது.

மண்ணை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்து, உப்பு அதிகம் என்றார்கள். உண்மைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் களர் வேறு, உவர் வேறு. களர் மண்ணில் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஜிப்சம் போட்டால் அதில் உள்ள கால்சியம் சோடியத்தை விலக்கிவிடும், அப்புறம் நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் மண் திருந்தும். உவர் என்பது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு. கோடையில் வரப்போரம் வெள்ளையாகப் பூக்கும். அதற்கு ஜிப்சம் மருந்து ஆகாது. நல்ல தண்ணீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து, வடியவிட வேண்டும். வடிவதற்கு வடிவாய்க்கால் வேண்டும். எங்களுடையது உவர். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து இதைத் தெளிவாகச் சொன்னார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் ஜிப்சம் மூட்டை ஏற்றிய லாரி வந்து நின்றது. பாதி மானியம், பாதி எங்கள் பணம். களருக்கென்று வந்த விதையும் அதோடு வந்தது.

ஏன் அப்படி ஆனது என்று நான் நிறைய யோசித்தேன். அவர்கள் திட்டத்தில் ஜிப்சம் இருந்தது, விதை இருந்தது, கைப்பேசிச் செயலி இருந்தது, வானிலை அளக்கும் கம்பம் இருந்தது. வடிவாய்க்கால் இல்லை. ஜிப்சத்துக்கு விலைப்பட்டியல் உண்டு. வடிவாய்க்காலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அள்ளுவதற்கு யாரும் பில் போட முடியாது. தொழில் கூட்டாண்மை என்று மட்டும் நிதியைக் கட்டிப்போட்டால், எது விற்குமோ அது மட்டும்தான் தகவமைப்பு என்று எழுதப்படும். என் பெரிய கவலை இதுதான், இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நெல்லை நிறுவனமே வாங்கிக்கொள்ளும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதே ஒப்பந்தத்தில் உள்ளே எங்கேயோ இருந்தது. அந்த வருடம் தை கடைசியில் நான்கு நாள் மழை. வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, சேற்றில் ஓடும் பெல்ட் வண்டிக்குக் காத்திருந்து, மணிக்கு இவ்வளவு என்று கூடுதல் வாடகை கொடுத்து அறுத்தோம். கையில் எடுத்தால் நெல் குளிர்ந்தது. ஈரப்பதம் 21 காட்டியது. நிறுவனம் எடுக்கவில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம்தான் வரம்பு. மழை வருடங்களில் ஒன்றிய அரசிடம் தளர்வு கேட்பார்கள். அது வந்து சேரும்வரை நெல் காத்திருக்காது, முளைக்கும். ஐந்து நாள் தார்ச் சாலையில் கொட்டிக் காய வைத்தோம். தூறல் விழுந்தால் தார்ப்பாய், வெயில் வந்தால் துழாவல். இரவில் லாரிகள் வரும் சாலையில் என் மகனும் நானும் மாறி மாறிக் காவல் படுத்தோம். கடைசியில் வியாபாரிக்குக் கேட்ட விலைக்குப் போட்டோம்.

அந்த வருட அறிக்கையை எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் கைப்பேசியில் எடுத்துக் காட்டினான். எங்கள் வயல் படம் அட்டையில் இருந்தது. பயனாளிகள் இத்தனை பேர் என்று எண்ணியிருந்தார்கள். அதில் நானும் ஒருத்தி. என் நட்டம் எந்தப் பக்கத்திலும் இல்லை. மானியம் திட்டத் தொடக்கத்திலேயே நிறுவனத்துக்குப் போயிருந்தது. மூன்றாம் வருடத்தோடு திட்டம் முடிந்து போனார்கள். வானிலைக் கம்பம் இன்னும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதன் மின்கலத்தை மாற்ற யாருக்குச் சொல்வது என்று எங்களுக்குத் தெரியாது.

தஞ்சைச் சீமையில் நிலத்தைச் சாகுபடிக்கு விடுவதில் இரண்டு வழி உண்டு. வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. விளையாவிட்டால் நிலக்காரருக்கும் இல்லை. அதனால் அவருக்கும் மடை பற்றிய கவலை இருக்கும், பூச்சி பற்றிய கவலை இருக்கும். குத்தகை என்றால் வெள்ளமோ வறட்சியோ, பேசின நெல்லை அளந்தே தீர வேண்டும். எத்தனை குடும்பங்கள் குத்தகை பாக்கியில் அழிந்தன என்று எங்கள் வீடுகளில் கதை கதையாகச் சொல்வார்கள். 1952-இல் தஞ்சைச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை, அதற்காக மக்கள் பட்ட பாடு பெரிது. அந்தப் பரம்பரையில் வந்த எங்களுக்கு ஓர் ஒப்பந்தத்தைப் படித்தால் அது வாரமா குத்தகையா என்று தெரிந்துவிடும். உங்கள் கூட்டாண்மை குத்தகையாக இருக்கிறது. நிறுவனத்தின் பங்குக்கு மானியம் காவல் நிற்கிறது. வயலில் வரும் நட்டத்துக்கு உழவர் மட்டும் நிற்கிறார். கூட்டு என்ற சொல்லை எழுதிவிட்டு நட்டத்தை ஒரே பக்கம் தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆசிய வளர்ச்சி வங்கி 2016-இல் ஒப்புதல் தந்த 10 கோடி டாலர் கடனில் அரிச்சந்திரா, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் என்று எங்கள் பக்கத்து ஆறுகளுக்கே வேலை எடுத்தார்கள். கரை உயர்ந்தது, மதகுகள் புதிதாயின. அது பெரிய காரியம். ஆனால் என் வயலில் நிற்கிற தண்ணீர் அடப்பாற்றுக்குப் போய்ச் சேர நடுவில் ஒன்றரை மைல் சின்ன வடிவாய்க்கால் இருக்கிறது. அது ஆற்றுத் திட்டத்திலும் வராது, தொழில் திட்டத்திலும் வராது. அந்த ஒன்றரை மைல் தூர்ந்து கிடந்தால் கீழே ஆறு எவ்வளவு அகலமாக இருந்தும் என் பயிர் அழுகும்.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்று கேட்பீர்கள். சம்பாவுக்கு எங்கள் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், அது நல்ல ஏற்பாடு, கட்டுகிறோம். ஆனால் அதில் அலகு வருவாய்க் கிராமம். ஊரில் சில வயல்களில் சோதனை அறுவடை செய்து சராசரி போடுவார்கள். மேட்டு வயல் தப்பித்துப் பள்ளத்து வயல் மூழ்கினால் சராசரியில் மூழ்கியது தெரியாது. கடைமடையில் பள்ளத்து வயல் எப்போதும் குத்தகைக்காரரிடம்தான் இருக்கும்.

கரிம வரவு (கார்பன் கிரெடிட்) பற்றியும் சொல்ல வேண்டும். போன வருடம் வேறொரு நிறுவனம், நெல் வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டி வைத்தால் மீத்தேன் குறையும், குறைந்ததை விற்று உங்களுக்கும் பங்கு தருவோம் என்று வந்தது. காய்ச்சலும் பாய்ச்சலும் எங்களுக்குப் புதிதில்லை, தண்ணீர் மிச்சமாகும், வேரும் நன்றாக இறங்கும். ஆழ்குழாய்க் கிணறு வைத்திருக்கும் மேல்பகுதி உழவர்களுக்கு அது முடியும். எங்களுக்கு ஐப்பசியில் வயலைக் காய விட வேண்டும் என்றால் வானத்திடம்தான் கேட்க வேண்டும். ஒப்பந்தம் பத்து வருடத்துக்கு, ஆங்கிலத்தில், எங்கள் வயலின் கரிம உரிமை முழுவதும் அவர்களுக்கு என்று இருந்தது. திருத்துறைப்பூண்டியில் வழக்கறிஞராக இருக்கும் ஒரு தம்பி படித்துச் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போடாமல் திரும்பினோம். பக்கத்து ஊரில் போட்டுவிட்டார்கள். எதில் போட்டோம் என்று அவர்களுக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரிலும் தொழில் இருக்கிறது, உங்கள் வரையறைக்குள்தான் அது வரவில்லை. கடன் வாங்கிப் பெல்ட் வண்டி ஓட்டுகிற இளைஞர் இருக்கிறார். சேற்றில் இறங்க டிராக்டருக்குக் கேஜ் வீல் அடித்துத் தருகிற வெல்டிங் பட்டறை இருக்கிறது. நாற்றங்கால் போட்டு நாற்று விற்கிற மகளிர் குழு இருக்கிறது. வைக்கோலைக் கட்டுப் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நடமாடும் நெல் உலர்த்தி அந்த இளைஞரிடம் இருந்தால் தை, மாசியில் எங்கள் ஐந்து ஊரும் தார்ச் சாலையில் படுக்க வேண்டாம். ஆகாயத்தாமரை அள்ளுகிற சின்ன இயந்திரத்தை அந்தப் பட்டறை செய்துவிடும், ஒருமுறை பணம் போட ஆள் இருந்தால். மாவுக்கு இவ்வளவு என்று வடிகால் கூலி கொடுக்க நாங்கள் தயார், இப்போதே தனித்தனியாகச் செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறோம். இதெல்லாம் தொழில் கூட்டாண்மை ஆகாதா?

விதையை எடுத்துக்கொள்ளுங்கள். மழைநீரில் இரண்டு வாரம் மூழ்கினாலும் எழுந்து வரக்கூடிய சி.ஆர். 1009 சப்-1 பொது ஆராய்ச்சி தந்த நெல் ரகம். அது ஆவணியில், விதைக்கிற வாரத்தில், கைக்குக் கிடைக்க வேண்டும். உற்பத்தியாளர் நிறுவனமே விதைப்பண்ணை போட்டு இருப்பு வைத்தால்தான் அது நடக்கும். பழைய ரகங்களும் அப்படி. குழியடிச்சான் உவர் நிலத்தில் நிற்கும் என்று எங்கள் பாட்டிகளுக்குத் தெரியும். திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்குபவர் அடுத்த வருடம் 4 கிலோ திருப்பித் தர வேண்டும் என்ற முறை இருந்தது. பத்திரம் இல்லை, ஈடு இல்லை. அந்த ஏற்பாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்கள் வயலுக்குத் திரும்பின. 2018 டிசம்பரில் அவர் காலமானார். அவர் காட்டிய வழியில் எங்கள் குழுவிலும் சின்ன அளவில் விதை சுழல்கிறது. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் இதை எழுத எந்தக் கட்டமும் இல்லை.

பாதிப் பணம் போட வேண்டும் என்ற விதிக்கு வருகிறேன். எங்கள் 412 உறுப்பினர்கள் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் பங்கு போட்டிருக்கிறார்கள். மொத்தம் 4,12,000 ரூபாய். ஒன்றிய அரசு 2020-இல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் அதற்கு ஈடான பங்கு மூலதனம் கிடைக்கும், ஒரு நிறுவனத்துக்கு 15 லட்சம்வரை. சரி, அதையும் சேர்த்தால் 8,24,000. உங்கள் குறைந்தபட்சத் திட்ட அளவு ஒரு கோடி. அதில் பாதி 50 லட்சம். நாங்கள் எந்த வீட்டை அடகு வைப்பது? ஆனால் எங்களிடம் வேறு பங்கு இருக்கிறது. உலர்த்தி வைக்க உறுப்பினர் ஒருவர் களத்து மேட்டில் இடம் தருகிறார். வடிவாய்க்கால் வெட்ட வீட்டுக்கு ஒரு ஆள் வருகிறோம். எந்த மதகில் எந்த மாதம் உப்பு ஏறும் என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். சேற்று வயலுக்கென்றே எங்கள் வட்டாரத்தில் உருவான உம்பளச்சேரி மாட்டு இனம் இருக்கிறது. நிறுவனம் போடுகிற பணத்துக்கு மதிப்புப் போடத் தெரிந்த உங்களால் இவற்றுக்கும் மதிப்புப் போட முடியும்.

நில ஆவணம் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் இங்கே பெரும்பாலும் வாய்ப்பேச்சுக் குத்தகை. கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருப்பவர் நிலம். பதிவு செய்யக் கேட்டால் நிலம் கைமாறிவிடும் என்ற பயம். பட்டா கேட்டால் பயிர் வைப்பவர் வெளியே போவார், சென்னையில் இருக்கும் நிலக்காரர் உள்ளே வருவார்.

இன்னொரு கூட்டத்தை நீங்கள் மட்டுமல்ல, நாங்களும் மறந்துவிடுகிறோம். நேரடி விதைப்புக்குப் போனதில் நடவுக்கு வந்த பெண்களுக்கு வேலை போனது. பெல்ட் வண்டியில் அறுவடைக் கூலி போனது. நான் தண்ணீருக்காகச் செய்த தகவமைப்பு என் வயலில் இருபது வருடம் நட்டுக் கொடுத்த பெண்ணின் வருமானத்தை எடுத்துக்கொண்டது. என் வரப்பிலேயே நடந்தது இது. திட்ட அறிக்கைகளில் அவள் பயனாளியும் இல்லை, பாதிக்கப்பட்டவளும் இல்லை. நாற்றங்கால், விதைப்பண்ணை, உலர்த்தி, வடிகால் பராமரிப்பு என்று எது தொடங்கினாலும் அந்தப் பெண்களுக்கு அதில் கூலி மட்டும் போதாது, பங்கு வேண்டும்.

இனி நாங்கள் கேட்பவை.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் மகளிர் குழுவும் முதன்மை விண்ணப்பதாரராக வர வழி விடுங்கள். நிதி முதலில் அவர்கள் கணக்குக்கு வரட்டும், தொழில் நிறுவனத்தை அவர்கள் தேர்ந்தெடுத்து வேலைக்குப் பணம் கொடுக்கட்டும். இந்த ஒரு மாற்றம் வந்தால் ஜிப்சம் லாரி மாதிரிக் காரியம் நடக்காது. கணக்குத் தணிக்கைக்கு உட்படவும், ஊர்க் கூட்டத்தில் கணக்கைப் படித்துக் காட்டவும் நாங்கள் தயார்.

ரொக்கப் பங்கை உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குப் பத்து சதவீதமாகக் குறையுங்கள். மிச்சத்துக்கு உழைப்பு, இடம், விதை ஆகியவற்றை மதிப்பிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

நில ஆவணத்துக்குப் பதிலாக, இன்னார் இந்த வயலில் இத்தனை போகம் பயிர் வைத்தார் என்று உற்பத்தியாளர் நிறுவனமும் அக்கம்பக்கத்து வயல்காரர்கள் ஐந்து பேரும் கையெழுத்திட்டுத் தரும் சான்றை ஏற்க வேண்டும். நிலக்காரரின் உரிமையை அது தொடாது என்று அதிலேயே எழுதிவிடலாம், அப்போது யாருக்கும் பயம் இருக்காது.

ஒவ்வொரு கூட்டாண்மை ஒப்பந்தத்திலும் நட்டப் பங்கீடு என்ற பிரிவு இருக்க வேண்டும். வெள்ளத்திலோ வறட்சியிலோ பயிர் போனால் விதைக்கும் இடுபொருளுக்கும் உழவர் கட்டிய பணத்தில் பாதியை நிறுவனம் ஏற்கட்டும், பாதியை உங்கள் நிதியில் ஒதுக்கி வைத்த தொகையிலிருந்து கொடுங்கள். கொள்முதல் வாக்குக் கொடுத்த நிறுவனம் ஈரப்பதத்தைச் சொல்லி விலகக் கூடாது. உலர்த்தும் பொறுப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்ளட்டும். இதற்கு ஒப்பாத நிறுவனத்துக்கு மானியம் தராதீர்கள்.

வருவாய் தராத வேலைகளுக்கென்று மொத்த நிதியில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். வயலிலிருந்து ஆறுவரை உள்ள வடிவாய்க்கால், உப்பு ஏறாமல் தடுக்கும் சின்ன மதகுகள், பொதுக் களம். இவற்றில் லாபக் கணக்குக் கேட்கக் கூடாது. எத்தனை நாளில் தண்ணீர் வடிந்தது என்று கேளுங்கள், அதை எங்களால் அளந்து காட்ட முடியும்.

கரிம வரவு ஒப்பந்தங்களுக்கு உங்கள் பணம் போகுமானால், அவை தமிழில் இருக்க வேண்டும், ஒரு போகம் முடிந்ததும் உழவர் விலகிக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டும், விற்ற விலையும் உழவருக்குத் தந்த பங்கும் ஊரில் எழுதி ஒட்டப்பட வேண்டும். விண்ணப்பப் படிவமும் தமிழில் வேண்டும். இந்த வருடப் படிவம் 46 பக்கம், ஆங்கிலத்தில், கடைசித் தேதி நவம்பர் நடுவில். எங்களுக்கு அது வெள்ளக் காலம். சம்பா காப்பீட்டுக்கும் அந்த வாரம்தான் கடைசி. காப்பீட்டுக்கான பயிர்ச் சான்றான அடங்கலுக்கு வரிசையில் நிற்பதா, வயலில் தண்ணீர் வடிப்பதா, உங்கள் படிவத்தை நிரப்புவதா? சித்திரை, வைகாசியில் வாங்குங்கள். அப்போது வயல் காலி, நாங்களும் உட்கார்ந்து யோசித்து எழுத முடியும்.

திட்டம் முடிந்த பிறகு இரண்டு வருடத்துக்கு இயந்திரங்களையும் கருவிகளையும் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்று பெயர் போட்டு எழுதாத திட்டத்தை ஏற்காதீர்கள். ஏற்கெனவே முடிந்த திட்டங்களில் என்ன ஆயிற்று என்று, அறிக்கை எழுதிய நிறுவனத்தை விட்டுவிட்டு, பயனாளிகள் என்று எண்ணப்பட்டவர்களைக் கேளுங்கள். எங்கள் ஊரில் தொடங்கலாம்.

கடைசியாக, திருப்பி அனுப்பிய எங்கள் விண்ணப்பத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். அதில் கேட்டிருப்பது ஒரு நடமாடும் உலர்த்தி, ஆகாயத்தாமரை அள்ளும் இயந்திரம் ஒன்று, நாற்பது மாவில் விதைப்பண்ணை, ஒன்றரை மைல் வடிவாய்க்கால். முடிவு எடுக்கும் முன் உங்களில் இரண்டு பேராவது தை கடைசி வாரம் இங்கே வந்து தங்குங்கள். சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீடுகளில். பெல்ட் வண்டி வயலில் இறங்குவதையும், நெல் சாலைக்கு வருவதையும் உடன் இருந்து பாருங்கள். வருவீர்களா மாட்டீர்களா என்பதையும், மேலே கேட்டவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதையும் 30 நாளுக்குள் தமிழில் எழுத்துமூலம் தெரிவியுங்கள். வரும் பதிலை எங்கள் பொதுக்குழுவில் 412 பேர் முன்னிலையில் படிப்போம்.

இப்படிக்கு,
தலைஞாயிறு வட்டாரக் கடைமடையிலிருந்து
ஓர் உழவர், உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்